ஹக்கோடா மலையில் ஒரு நாள்: ஸ்னோஷூவில் ஏறினோம், பாதியில் திரும்பினோம், போர்டில் இறங்கினோம்

#1 | வடகாற்று | செண்டாய்

எல்லாருக்கும் வணக்கம். வட ஜப்பானில் அவோமோரிப் பக்கம் பேக்கன்ட்ரி (ஸ்கீ மைதானத்துக்கு வெளியே உள்ள காட்டு மலைப் பனி) போனால் விவரம் எழுதச் சொல்லி இங்கே இரண்டு மூன்று பேர் கேட்டிருந்தீர்கள். போன சனிக்கிழமை ஹக்கோடா போய் வந்தேன். நினைத்த இடம் வரை போகவில்லை, பாதியில் திரும்பிவிட்டோம். ஏன் திரும்பினோம் என்பதைத்தான் விரிவாக எழுதப் போகிறேன். பவுடர் (புதிதாக விழுந்த மென்பனி) எப்படி இருந்தது என்று மட்டும் கேட்பவர்களுக்கு: முழங்காலுக்கு மேல், சலித்த மாவு மாதிரி. இந்த வருடம் நான் பார்த்ததிலேயே நல்ல பனி அதுதான்.

திட்டம் இது. காலையில் ரோப்வேயில் தமோயாச்சி மலை (1,324 மீட்டர்) உச்சிக்குப் போய்விடுவது. அங்கே ஸ்னோஷூவை (பனியில் கால் புதையாமல் இருக்க ஷூவின் அடியில் கட்டும் அகலமான சட்டம்) மாட்டி, ஸ்னோபோர்டை முதுகுப்பையில் கட்டிக்கொண்டு அகாகுரா மலை (1,548 மீட்டர்) வரை நடந்து ஏறுவது. அதன்பிறகு போர்டில் வடகிழக்குப் பக்கமாக இறங்கி, படைவீரர் சிலை இருக்கிற பக்கம் போய்ச் சேருவது. அந்தப் பாதைக்கே "சிலை வழி" என்றுதான் பெயர். நாங்கள் ஆறு பேர், நான்கு போர்டு, இரண்டு ஸ்கீ. கூட ஒரு உள்ளூர் கைடு. ஐம்பதைத் தாண்டியவர், இந்த மலையடிவாரத்திலேயே பிறந்து வளர்ந்தவர்.

முதல் நாள் இரவு அவோமோரி நகரிலேயே தங்கிவிட்டோம். ஸ்டேஷனிலிருந்து ரோப்வே அடிவாரத்துக்குப் பஸ்ஸில் சுமார் ஒரு மணி நேரம். இறங்கியதும் முதல் வேலை பீக்கன் சோதனை. பனியில் புதைந்தவரைக் கண்டுபிடிக்க ஒவ்வொருவரும் உடம்பில் கட்டிக்கொள்ளும் சிக்னல் கருவி அது. கைடு கொஞ்சம் தள்ளிப் போய் நின்றுகொண்டார். ஒவ்வொருவராக அவரைத் தாண்டி நடக்க வேண்டும், ஒவ்வொருவருக்கும் அவர் கையில் இருக்கும் பீக்கன் கூவ வேண்டும். என் அலுவலக நண்பர் நடந்தபோது கூவவில்லை. ஆன் செய்திருந்தார், ஆனால் தேடும் நிலையில் வைத்திருந்தார். அப்படியே மேலே போய்ப் பனியில் புதைந்திருந்தால் அவருடைய சிக்னல் எங்கள் ஐந்து பேருக்கும் கிடைத்திருக்காது. கைடு கோபப்படவில்லை. மாற்றி வைக்கச் சொல்லிவிட்டு, ஆறு பேரையும் மறுபடி முதலிலிருந்து நடக்க வைத்தார்.

ரோப்வே பத்தே நிமிடத்தில் 650 மீட்டர் மேலே கொண்டுபோய் விடுகிறது. கீழே இலை உதிர்த்த பீச் காடு. மேலே போகப் போக ஃபிர் மரங்கள். பாதிக்கு மேல் மரம் எதுவும் மரமாகத் தெரியாது. ஜூஹியோ என்கிறார்கள், பனிப் பூதங்கள் என்று சொல்வதும் இவற்றைத்தான். உறைநிலைக்குக் கீழே போயும் இன்னும் நீராகவே இருக்கும் மேகத் துளிகள் காற்றில் வந்து கிளையில் மோதிய நொடியில் உறைந்துவிடுகின்றன. மேலே வெண்பனி ஒட்டுகிறது, மறுபடி துளிகள். இப்படியே ஒரு மரம் முழுக்க மூடி, குனிந்து நிற்கும் ஆள் போல ஆகிவிடுகிறது.

கிட்டே போய்ப் பார்த்தால் மேற்பரப்பில் விரல் நீளத்துக்கு அடுக்கடுக்காகச் செதில்கள். "இறால் வால்" என்று ஜப்பானியர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள், சரியான பெயர். ஒரு விஷயம் எனக்கு அன்றுதான் தெரிந்தது. இந்தச் செதில்கள் காற்று போகும் பக்கம் நீளுவதில்லை, காற்று வரும் பக்கத்தைப் பார்த்தே வளர்கின்றன. இங்கே குளிர்காலக் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்தோ வடமேற்கிலிருந்தோதான் வரும். அதனால் எதுவுமே கண்ணுக்குத் தெரியாதபோதும் ஒரு மரத்தின் மேல் கையை வைத்துத் தடவினால் மேற்கு எந்தப் பக்கம் என்று ஓரளவு சொல்லிவிடலாம். கைடு அதைச் செய்து காட்டியபோது விளையாட்டுக்குச் செய்கிறார் என்றுதான் நினைத்தேன்.

மேலே வந்தபோது ஓரளவு தெளிவாகத்தான் இருந்தது. ஸ்னோஷூ மாட்டி நடந்தோம். போர்டு முதுகில் நிமிர்ந்து நிற்பதால் பக்கவாட்டுக் காற்று அடித்தால் ஆளையே திருப்பிவிடும். கம்பு இரண்டையும் ஊன்றி, தலையைக் குனிந்து, முன்னே போகிறவரின் குதிகாலைப் பார்த்துக்கொண்டு நடக்க வேண்டும். நாற்பது நிமிடம் நன்றாகப் போனது. அகாகுராவின் தோள் தெரிந்தது. அப்புறம் மேற்கே இருந்து மேகம் ஒன்று வந்து உட்கார்ந்தது.

வைட்அவுட் பற்றி நான் நிறையப் படித்திருக்கிறேன். படித்ததற்கும் உள்ளே நிற்பதற்கும் சம்பந்தம் இல்லை. இருட்டில் தரை எங்கே என்பதாவது காலுக்குத் தெரியும். இதில் மேலும் கீழும் ஒரே வெள்ளை. நின்றுகொண்டிருக்கும்போதே நகர்வது போலத் தோன்றி நான் ஒருமுறை விழுந்தேன், நின்ற இடத்திலேயே. எனக்கு மூன்றடி முன்னால் இருந்தவரின் ஜாக்கெட் நிறம்கூட மங்கிவிட்டது.

கைடு குனிந்து பனியைக் கையால் பிடித்து உருட்டி முன்னால் எறிந்தார். உருண்டை ஆறேழு அடி தள்ளி விழுந்து ஒரு புள்ளியாக நின்றது. அந்தப் புள்ளி வரை நடந்தார். மறுபடி ஒரு உருண்டை. மூன்றாவதோ நான்காவதோ எறிந்தது விழவே இல்லை. அதாவது விழுந்த இடம் எங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை. அவர் அப்படியே நின்றார். ஒரு நிமிடம் இருக்கும். திரும்பி, "இன்று இவ்வளவுதான்" என்றார். எங்களிடம் கேட்கவில்லை. அறிவித்தார்.

வந்த தடத்திலேயே திரும்பினோம். பத்து நிமிடத்துக்கு முன் நாங்களே ஆறு பேர் மிதித்த தடம் பாதிக்கு மேல் தூர்ந்துவிட்டிருந்தது. அந்த மரச் செதிலைத் தடவிப் பார்ப்பதை அவர் இரண்டு முறை செய்தார், இப்போது விளையாட்டாக இல்லை. வழிக்காக நட்டு வைத்திருக்கும் மூங்கில் கம்பு ஒன்று வெள்ளைக்குள்ளிருந்து முளைத்தபோது நண்பர் அதைக் கையால் பிடித்துக்கொண்டார், விட மனசில்லாமல்.

ரோப்வே உச்சியிலிருந்து காட்டு வழியில் போர்டில் இறங்கினோம். சுமார் 5 கிலோமீட்டர். மரங்களுக்குள் நுழைந்ததும் கண் தெளிந்தது, காற்றும் நின்றது. அதற்கப்புறம் கிடைத்த அரை மணி நேரத்தை என்னால் எழுத முடியாது. சத்தமே இல்லை. போர்டு பனியைத் தொடுகிற சத்தம்கூட இல்லை.

ஆனால் அங்கேயும் ஒன்று நடந்தது. பீக்கனில் தவறு செய்த அதே நண்பர் ஒரு பெரிய ஃபிர் மரத்துக்கு ரொம்பக் கிட்டே போய்விட்டார். மரத்தடியில் கிளைகள் மறைப்பதால் பனி இறுகாமல் குழியாக இருக்கும், மேலே பார்த்தால் தெரியாது. தலைகுப்புற இடுப்பு வரை உள்ளே. போர்டு மட்டும் வெளியே. இரண்டு காலும் போர்டில் கட்டியிருப்பதால் உதைக்கவும் வழியில்லை. ஸ்கீக்காரர் ஒருவர் அவருக்குப் பின்னாலேயே வந்துகொண்டிருந்தார், அதனால் பார்த்தார். நாங்கள் எல்லாரும் முன்னால் போயிருந்தால் அந்த இடத்தில் யாரும் இருந்திருக்க மாட்டார்கள். வெளியே இழுத்தபோது வாய், மூக்கு முழுக்கப் பனி. பத்து நிமிடம் உட்கார வைத்துத் தேநீர் கொடுத்தோம். "கத்தினேன், கேட்கலையா?" என்று கேட்டார். யாருக்கும் கேட்கவில்லை.

சாயங்காலம் மலையில் இருக்கும் சுகாயு வெந்நீர் ஊற்றில் குளித்துவிட்டு நகரத்துக்குத் திரும்பினோம். படங்கள் நான்கைந்துதான் இருக்கின்றன. போன் குளிரில் 40 சதவீதம் காட்டிக்கொண்டிருக்கும்போதே அணைந்துவிட்டது. கேள்வி இருந்தால் கேளுங்கள்.

#2 | மதுரைமல்லி | தோக்கியோ

வடகாற்று அண்ணா, படிக்கும்போதே கை சில்லிட்டது. நண்பர் நல்லபடியாக வந்தது பெரிய நிம்மதி. அவருக்கு இப்போது எப்படி இருக்கிறது?

எனக்குப் போர்டு, ஸ்கீ இரண்டும் வராது. ஸ்னோஷூ மட்டும் போட்டுக்கொண்டு அந்தப் பனி மரங்களைப் பார்க்க முடியுமா? என் கணவரும் நானும் பிப்ரவரி கடைசியில் இரண்டு நாள் ஒதுக்கலாம் என்று இருக்கிறோம்.

#3 | கசாய்க்காரன் | எதொகாவா, தோக்கியோ

நல்ல பதிவு, நண்பரே. ஆனால் ஒரு இடத்தில் எனக்கு உடன்பாடு இல்லை, வெளிப்படையாகவே சொல்கிறேன்.

நான் ஏழு சீசனாகப் போர்டு ஓட்டுகிறேன். நாகானோ, நீகாதா பக்கம் பேக்கன்ட்ரி நிறையப் போயிருக்கிறேன், பெரும்பாலும் நாங்கள் மூன்று நண்பர்கள் மட்டும். போனில் மலை வரைபடம் முன்கூட்டியே இறக்கி வைத்திருப்போம். ஜிபிஎஸ் நாம் நிற்கும் இடத்தை ஐந்து பத்து மீட்டர் துல்லியத்தில் காட்டும். அகாகுராவின் தோள் கண்ணுக்குத் தெரிகிற தூரம் வரை போய்விட்டுத் திரும்புவது ஒரு நாளையும் ஒரு சம்பளத்தின் நல்ல பகுதியையும் விட்டுக்கொடுப்பது. கைடுக்குக் கொடுத்த பணத்தில் அடுத்த முறைக்கான பயணச் செலவே வந்திருக்கும். மேகம் அரை மணியில் விலகியிருக்கலாம். காத்திருந்து பார்த்திருக்கலாமே?

குறை சொல்ல எழுதவில்லை. இங்கே புதிதாக வருகிறவர்கள் "கைடு இல்லாமல் போகவே கூடாது" என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

#4 | வடகாற்று | செண்டாய்

மல்லி, நண்பர் நன்றாக இருக்கிறார். கழுத்தில் மட்டும் கொஞ்சம் வலி. உங்கள் கேள்விக்குத் தனியாக எழுதுகிறேன்.

கசாய், நீங்கள் வெளிப்படையாகக் கேட்டது நல்லது. அகாகுராவுக்கு முன்னால் அந்த இடத்தில் நின்றபோது எனக்கும் அதே எண்ணம்தான் வந்தது. காத்திருக்கலாமே என்று வாய் வரை வந்தது.

அன்று நாங்கள் போய்ச் சேர வேண்டியது சிலைக்குப் பக்கம் என்று எழுதியிருந்தேன் இல்லையா? அந்தச் சிலை யாருடையது என்று சொல்லிவிட்டு உங்களுக்குப் பதில் சொல்கிறேன். 1902 ஜனவரி 23 அன்று அவோமோரியில் இருந்த 5ஆம் காலாட்படைப் பிரிவைச் சேர்ந்த 210 பேர் இந்த மலையைக் கடந்து தஷிரோ வெந்நீர் ஊற்று வரை போகும் பயிற்சிக்குக் கிளம்பினார்கள். நகரத்திலிருந்து சுமார் 20 கிலோமீட்டர்தான். ரஷ்யாவோடு போர் வந்து கடலோரப் பாதை அடைபட்டால் மலை வழியாகப் போக முடியுமா என்று பார்க்கத்தான் அந்தப் பயிற்சி. கடைசிக் கிராமத்தில் ஊர்க்காரர்கள் இந்த நாளில் போகாதீர்கள், போவதானால் வழிகாட்ட ஆள் வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். வரைபடமும் திசைகாட்டியும் இருக்கிறதே என்று அவர்கள் கிளம்பிவிட்டார்கள். 199 பேர் இறந்தார்கள். பிழைத்தது 11 பேர்.

அந்தக் குளிர் அலையில், ஜனவரி 25 அன்று, ஹொக்கைதோவின் அசாஹிகவாவில் பதிவான மைனஸ் 41.0 டிகிரிதான் இன்றுவரை ஜப்பானில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை. சிலை கொத்தோ ஃபுசனோசுகே என்ற கார்ப்ரலுடையது. 27ஆம் தேதி தேடி வந்தவர்கள் கண்டபோது அவர் பனிக்குள் புதைந்து நின்றபடியே உயிரோடு இருந்தார். அவரைப் பார்த்த பிறகுதான் என்ன நடந்தது என்பதே வெளியே தெரிந்தது. அவர் கைகால்களை உறைபுண்ணுக்காக வெட்டி எடுக்க வேண்டியிருந்தது.

போன இலையுதிர் காலத்தில் கோபதாவில் இருக்கும் நினைவகத்துக்குப் போயிருந்தேன். அங்கே கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன, படை அணிவகுத்து நிற்பது போலவே. அந்த வரிசைக்கு நடுவில் நடந்துவிட்டு வந்தவன் நான். பனி உருண்டை விழாத அந்த நிமிடத்தில் என் நினைவுக்கு வந்தது அந்த வரிசைதான். காத்திருக்கலாமே என்ற வார்த்தையை விழுங்கிவிட்டேன்.

#5 | கல்கரித்தமிழன் | கனடா

தம்பி வடகாற்று, நல்ல பதிவு. நான் கல்கரியில இருக்கிறன், ரொக்கி மலையில ஸ்பிளிட்போர்டோட (ரெண்டாப் பிரிச்சு ஸ்கீ மாதிரி ஏறக்கூடிய போர்டு) திரியிறனான். ஜப்பானுக்கு ஒருக்கா வந்து ஹொக்கைதோவில ரெண்டு கிழமை நிண்டிருக்கிறன்.

கசாய்த் தம்பிக்கு ரெண்டு விஷயம். ஜிபிஎஸ் நீங்கள் எங்க நிக்கிறீங்கள் எண்டு சொல்லும். காலுக்கு முன்னால என்ன கிடக்கு எண்டு சொல்லாது. காத்து பனியைக் கொண்டுவந்து முகட்டு ஓரத்தில தாழ்வாரம் மாதிரி நீட்டி வைக்கும். அதுக்குக் கீழ நிலம் இல்லை. அந்தத் தாழ்வாரம் ஒவ்வொரு புயலுக்கும் மாறும், வரைபடத்தில வராது. பத்து மீட்டர் துல்லியம் எண்டுறீங்கள், அங்க ரெண்டு மீட்டர் பிழைச்சாலே காணும்.

மற்றது, போன். தம்பியின்ர போன் 40 சதவீதத்தில செத்தது எண்டு எழுதியிருக்கிறார். குளிரில லித்தியம் பாட்டரி அப்பிடித்தான், நம்பேலாது. போனை உள் பொக்கற்றில, உடம்போட ஒட்டி வையுங்கோ. ஆனா அங்கதான் பீக்கனும் கிடக்கும். பீக்கனுக்குக் கிட்ட போன், கமரா, சூடாக்கிற கையுறை எதுவும் இருக்கக் கூடாது. அனுப்பிற நிலையில 20 சென்டிமீட்டர், தேடிற நிலையில 50 சென்டிமீட்டர் தள்ளி இருக்கவேணும். இல்லாட்டி 457 கிலோஹெர்ட்ஸ் சிக்னலுக்குள்ள இரைச்சல் வந்து பிழையான பக்கம் காட்டும். கனபேர் இதைக் கவனிக்கிறேல்லை.

மரக்குழி பற்றி எழுதினது நல்லம். எங்கட பக்கத்திலயும் ஆக்கள் அதில செத்திருக்கினம். பனிச்சரிவைப் பற்றி எல்லாரும் கதைப்பினம், இதைப் பற்றி ஒருத்தரும் கதைக்கிறேல்லை. காட்டுக்குள்ள ரெண்டு பேர் சோடியா, ஆளை ஆள் காணக்கூடிய தூரத்தில ஓடவேணும். ஆள் தெரியேல்லை எண்டா நிண்டு பார்க்கவேணும்.

#6 | கசாய்க்காரன் | எதொகாவா, தோக்கியோ

கல்கரி அண்ணா, முகட்டுத் தாழ்வாரம் பற்றிச் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். போன்-பீக்கன் தூரம் எனக்கே புது விஷயம், நன்றி. நான் இத்தனை வருடமும் இரண்டையும் ஒரே பக்கம்தான் வைத்திருந்தேன்.

ஆனால் கைடு விஷயத்தில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். 2007 பிப்ரவரி 14 அன்று இதே ஹக்கோடாவில் பனிச்சரிவில் இரண்டு பேர் இறந்தார்கள், எட்டு பேருக்குக் காயம். அது கைடுகள் கூட்டிப்போன குழு, இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள். உள்ளூர் அனுபவம் இருந்தவர்கள்தான். கைடு வைத்தால் பாதுகாப்பு என்று நம்பி யோசிப்பதையே நிறுத்திவிடுகிறோம். அந்த நம்பிக்கைதான் எனக்குப் பயமாக இருக்கிறது. வடகாற்று எழுதியதிலேயே பாருங்கள், "எங்களிடம் கேட்கவில்லை, அறிவித்தார்". அன்று அவர் திரும்பு என்றார், சரி. போகலாம் என்று சொல்லியிருந்தால்? ஆறு பேரும் பின்னாலேயே போயிருப்பீர்கள்தானே?

#7 | சப்போரோ மாணவி | ஹொக்கைதோ

கசாய் அண்ணா கேட்ட கேள்வி நியாயமானது. பதில் வடகாற்று அண்ணா சொல்லட்டும். நான் மலையைப் பற்றி இரண்டு விஷயம் சேர்க்கிறேன்.

இவ்வளவு பனி ஏன் இங்கே மட்டும் என்று சிலருக்குத் தோன்றலாம். சைபீரியாவிலிருந்து வரும் குளிர்ந்த வறண்ட காற்று, சுஷிமா என்ற வெப்ப நீரோட்டம் ஓடும் ஜப்பான் கடலைக் கடக்கும்போது ஈரத்தை அள்ளிக்கொள்கிறது. கரைக்கு வந்ததும் மலையில் மோதி மேலே ஏறி, அப்படியே கொட்டிவிடுகிறது. மலைக்கு அந்தப் பக்கம், பசிபிக் கரையில், அதே நாள் வெயில் அடிக்கும். அண்ணா குளித்த சுகாயுவில் 2013 பிப்ரவரி 26 அன்று தரையில் கிடந்த பனியின் ஆழம் 566 சென்டிமீட்டர். ஒரு மாடி வீடு உள்ளே போய்விடும்.

இன்னொன்று வாயு. இது எரிமலை. 1997 ஜூலையில் ஹக்கோடாவில் ஒரு பள்ளத்தில் தேங்கியிருந்த எரிமலை வாயுவில் தற்காப்புப் படையினர் மூன்று பேர் இறந்தார்கள். சுகாயுவிலிருந்து ஏறும் வழியிலும் கந்தக வாடை வரும் இடம் இருக்கிறது. பனியில் திடீரென ஒரு ஓட்டை, ஓரத்தில் மஞ்சள் கறை, உருகின தடம் தெரிந்தால் எட்டிப் பார்க்கப் போகாதீர்கள். காற்றில்லாத நாளில்தான் அது ஆபத்து, ஏனென்றால் வாயு கலையாமல் பள்ளத்திலேயே நிற்கும்.

மல்லி அக்கா, பனி மரம் பார்க்க யமகதா மாநிலத்து சாஓ மலையும் பேர் போனது. ஆனால் அங்கே சில வருடங்களுக்கு முன் பூச்சி அரித்து உச்சிப் பக்கத்து ஃபிர் மரங்கள் ஏராளமாகச் செத்துப்போயின. இலை இல்லாத கட்டையில் பனி அந்த மாதிரிப் பிடிக்காது. இப்போது கன்று நட்டு வளர்க்கிறார்கள், அந்த உயரத்தில் மரம் வளர்ந்து வரப் பல பத்தாண்டுகள் ஆகும். போன வருடம் போய்ப் பார்த்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஹக்கோடாவுக்கே போங்கள்.

#8 | வடகாற்று | செண்டாய்

கசாய், இரண்டு நாளாக உங்கள் கேள்வியை யோசித்துக்கொண்டே இருந்தேன். போகலாம் என்று அவர் சொல்லியிருந்தால் நான் போயிருப்பேன். உண்மை அதுதான். 2007 பற்றி நீங்கள் சொன்னது சரி, அதைக் கைடிடமே கேட்டிருக்கிறேன். அவர் பதில் சொல்லவில்லை, கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அந்தப் பக்கச் சரிவுக்கு அன்றிலிருந்து குழுவைக் கூட்டிப் போவதில்லை என்று மட்டும் சொன்னார்.

ஆனால் கைடு வேண்டும் என்று நான் சொல்வது பாதுகாப்புக்கு உத்தரவாதம் என்பதற்காக இல்லை. அன்று நான் பார்த்தது வேறு. முதல் கோண்டோலாவில் ஏறும்போதே அவர் ரோப்வே ஊழியர் ஒருவரிடம் இரவில் காற்று எந்தப் பக்கமிருந்து அடித்தது என்று கேட்டார். மேலே இறங்கியதும் ஒரு மரத்தை வலம் வந்து செதில் எவ்வளவு புதிது என்று நகத்தால் சுரண்டிப் பார்த்தார். நடக்கும்போது அடிக்கடி கம்பைத் தலைகீழாகப் பிடித்துக் கைப்பிடிப் பக்கத்தைப் பனிக்குள் இறக்கி, எந்த ஆழத்தில் தட்டுகிறது என்று பார்த்தார். ஒரு இடத்தில் சரிவின் கோணத்தை அளந்தார், 32 டிகிரி. பலகையாகப் பெயர்ந்து வரும் பனிச்சரிவு பெரும்பாலும் 30க்கும் 45க்கும் நடுவில் இருக்கும் சரிவுகளில்தான் வருகிறது என்பதால் எங்களை ஒவ்வொருவராக, முன்னவர் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்த பிறகே கடக்க விட்டார். அவர் அன்று திரும்பு என்றது ஒரு பனி உருண்டைக்காக இல்லை. அதுவரை இரண்டு மணி நேரம் அவர் மனதுக்குள் கூட்டிக்கொண்டே வந்த கணக்கு அது. எனக்கு அந்தக் கணக்கு இன்னும் வராது. வருகிறவரை, கணக்கு வருகிறவரோடு போகிறேன். நானும் கற்றுக்கொண்டிருக்கிறேன், அடுத்த முறை அவர் போகலாம் என்றால் ஏன் என்று கேட்பேன். அதற்கு உங்களுக்குத்தான் நன்றி.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. 1902இல் அதே நாட்களில் ஹிரோசாகியிலிருந்து 31ஆம் படைப்பிரிவின் ஒரு சிறு குழுவும் எதிர்ப்பக்கமிருந்து இந்த மலையைக் கடந்தது. சுமார் நாற்பது பேர், ஒருவர்கூட இறக்கவில்லை. வழியெல்லாம் ஊர்க்காரர்களை வழிகாட்டியாக வைத்துக்கொண்டார்கள் என்பது முக்கியக் காரணம். ஆனால் அப்படி முன்னே நடந்து பனியை மிதித்துப் பாதை போட்ட ஊர்க்காரர்கள் உறைபுண்ணோடு வீடு திரும்பி அவதிப்பட்டார்கள். அவர்கள் பேரைச் சொல்ல ரொம்ப வருடம் யாரும் இல்லை. கைடுக்குக் கொடுக்கும் பணத்தை நான் செலவாக நினைக்காததற்கு இதுவும் ஒரு காரணம். நாம் ஆறு பேர் ஏறும்போது மார்பளவு பனியை முதலில் மிதிக்கிறவர் அவர்.

#9 | வடகாற்று | செண்டாய்

மல்லி, உங்கள் கேள்விக்கு இப்போதுதான் வர முடிந்தது, மன்னியுங்கள்.

தாராளமாக முடியும். பனி மரங்களைப் பார்க்க மலை ஏறவே வேண்டாம், ரோப்வே உச்சியில் இறங்கினாலே சுற்றிலும் அவைதான். வானம் தெளிந்த நாளில் அங்கேயே ஒரு மணி நேரம் ஸ்னோஷூவில் நடக்கலாம். ஆனால் காற்று பலமாக இருந்தால் ரோப்வேயை நிறுத்திவிடுவார்கள். இரண்டு நாள் ஒதுக்குகிறீர்கள் என்பதால் ஒரு நாளாவது கிடைக்கும் என்று நம்பலாம். மேகம் இருந்தால் உச்சியில் கட்டிடத்தை விட்டு நகராதீர்கள். அந்த உச்சி தட்டையானது, அதுதான் ஏமாற்றும். தவறான பக்கம் நூறடி இறங்கினால் சாலை இல்லாத பள்ளத்தாக்கு.

கீழே பீச் காட்டில் ஸ்னோஷூ நடைக்கென்றே கைடு கிடைக்கிறார்கள். எனக்கு மேலே போவதைவிட அதுவே பிடிக்கும் என்றுகூடச் சொல்வேன். முயல் தடம், மரங்கொத்தி சத்தம். அங்கே ஒரு பெரியவர் கஞ்ஜிகி போட்டு நடந்ததைப் பார்த்தேன். மரக்கொம்பைச் சூடாக்கி வளைத்துக் கயிற்றால் கட்டிய பழைய ஸ்னோஷூ. நம்முடையதைவிடப் பாதி அளவுதான், ஆனால் அந்த நெருக்கமான மரங்களுக்குள் அவர் நடந்த வேகத்துக்கு என்னால் ஈடுகொடுக்க முடியவில்லை.

உள்ளே பருத்தி வேண்டவே வேண்டாம், வியர்வையை இழுத்துவைத்து நின்ற உடனே குளிரும். கம்பளி அல்லது செயற்கை இழை. கையுறை இரண்டு ஜோடி. ஓனிகிரியை (சோற்று உருண்டை) மேல் பையில் வைக்காதீர்கள், கல்லாகிவிடும். ஜாக்கெட்டின் உள் பையில் வையுங்கள்.

#10 | மதுரைமல்லி | தோக்கியோ

ரொம்ப நன்றி அண்ணா, அப்படியே அச்செடுத்து வைத்துக்கொண்டேன். சுகாயுவில் ஆண் பெண் சேர்ந்து குளிக்கும் இடம் என்று கேள்விப்பட்டேன். அதனால் தயக்கமாக இருக்கிறது.

#11 | சப்போரோ மாணவி | ஹொக்கைதோ

அக்கா, பெரிய குளியல் கூடம் அப்படித்தான். ஆனால் பெண்களுக்கென்று தனி நேரம் வைத்திருக்கிறார்கள், போட்டுக்கொண்டு குளிக்கும் உடையும் அங்கேயே விற்கிறார்கள். அதுவும் வேண்டாம் என்றால் ஆண், பெண் தனித்தனியாகச் சின்னக் குளியலறையும் இருக்கிறது. நான் அம்மாவையே கூட்டிப் போயிருக்கிறேன். ஹிபா மரத்தால் கட்டிய அந்தக் கூடம் தூணே இல்லாமல் அவ்வளவு பெரிதாக நிற்கும், ஆவிக்குள் மரவாசனை. தண்ணீர் புளிப்பு, கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வெள்ளி நகை கறுத்துவிடும், கழற்றி வைத்துவிட்டு இறங்குங்கள்.

#12 | கசாய்க்காரன் | எதொகாவா, தோக்கியோ

வடகாற்று, உங்கள் எட்டாம் பதிவை மூன்று முறை படித்தேன்.

நாகானோவில் எனக்குத் தெரிந்த மலைகளுக்கு நண்பர்களோடு மட்டும் போவதை நான் நிறுத்தப் போவதில்லை. அந்தச் சரிவுகளில் ஏழு வருடம் நடந்திருக்கிறேன். ஆனால் கம்பைத் தலைகீழாகப் பிடித்து இறக்கிப் பார்த்தார் என்று எழுதினீர்களே, நான் அதை ஒருநாளும் செய்ததில்லை. முன்னால் யாரோ போன தடம் இருந்தால் அதிலேயே போய்விடுவேன். போன சீசனில் ஒரு சரிவில் எங்களுக்குப் பின்னால் "உம்ப்" என்று ஒரு சத்தம் கேட்டது, பனி முழுக்க ஒரு விரல் அளவு கீழே இறங்கினது போல. நாங்கள் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம், யாரும் எதுவும் சொல்லவில்லை, அப்படியே ஏறிவிட்டோம். இதை இங்கே எழுதும்வரை யாரிடமும் சொன்னதில்லை.

#13 | கல்கரித்தமிழன் | கனடா

தம்பி, அது உள்ளுக்க இருக்கிற பலவீனமான அடுக்கு உடைஞ்சு அமரிற சத்தம். மலை அதைவிடத் தெளிவாச் சொல்லாது. அடுத்தமுறை கேட்டா, செங்குத்தான இடத்தை விட்டு விலகி வந்த வழியே திரும்புங்கோ. மூண்டு பேரில ஒருத்தர் வாய் திறந்தாக் காணும். கிளம்ப முதலே கதைச்சு வையுங்கோ: ஒருத்தர் வேண்டாம் எண்டா மூண்டு பேரும் திரும்பிறது, ஏன் எண்டு கேக்கிறேல்லை.

நீங்கள் இதைச் சொன்னது நல்லது.

#14 | கசாய்க்காரன் | எதொகாவா, தோக்கியோ

சரி அண்ணா. மற்ற இரண்டு பேருக்கும் இந்த இழையை அனுப்பிவிட்டேன்.

வடகாற்று, மார்ச்சில் மறுபடி சிலை வழிக்குப் போகிறீர்களா? ஒரு இடம் இருந்தால் நானும் வருகிறேன், கைடு கட்டணத்தில் என் பங்கோடு. கீழ்ப்பகுதி தட்டையாக இருக்கும், போர்டுக்குத் தள்ளாட்டம் என்று கேள்விப்பட்டேன். என்னிடம் மடக்குகிற கம்பு இல்லை.

#15 | வடகாற்று | செண்டாய்

இடம் இருக்கிறது, வாருங்கள். மார்ச் இரண்டாம் சனிக்கிழமை. வெள்ளி இரவு அவோமோரி வந்துவிடுங்கள், காலை முதல் பஸ். கம்பு என்னிடம் இன்னொரு ஜோடி இருக்கிறது, கொண்டுவருகிறேன். தட்டையான இடம் உண்மைதான். வேகத்தை விட்டுவிட்டால் போர்டைக் கழற்றி ஸ்னோஷூ மாட்ட வேண்டியதுதான். அதனால் ஸ்னோஷூவைப் பையின் அடியில் திணிக்காமல் வெளியே கட்டிக்கொள்ளுங்கள். வார்களில் பனி உறைந்து இறுகிவிடும், கையுறையைக் கழற்றாமல் திறக்க முடிகிறதா என்று வீட்டிலேயே பழகிப் பாருங்கள்.

மலையேற்றப் பதிவுப் படிவத்தில் உங்கள் பேரையும் சேர்த்துவிடுகிறேன், அவசரத்துக்கு யாரைக் கூப்பிட வேண்டும் என்று தனிச்செய்தியில் அனுப்புங்கள். உங்கள் காப்பீட்டில் மலை மீட்பு சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள், சாதாரணப் பயணக் காப்பீடு பெரும்பாலும் ஸ்கீ மைதானத்தின் எல்லைக் கயிற்றுக்கு வெளியே செல்லாது.

பீக்கனுக்குப் புது அல்கலைன் பாட்டரி போட்டு வாருங்கள், ரீசார்ஜ் செய்யும் வகை வேண்டாம். போன் இடது பக்கம், பீக்கன் வலது பக்கம். காலையில் எல்லாரும் கைடு முன்னால் நடக்க வேண்டும். என் நண்பரும் வருகிறார், அவர்தான் முதலில் நடப்பாராம்.